முரல் மீனின் சொண்டு

மகள்,

போன ஞாயிற்றுக்கிழமை பங்கு மண்டபத்தில் உனக்கு வைத்த பிரியாவிடையில், நீ ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, "நான் கண் டொக்டரா வரவேணும் எண்டு நினைச்சதுக்கு ஒரேயொரு காரணம் என்ர அம்மா" என்று தொடங்கியபோதே நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று தெரியும். அன்சாரின் கதை. கண்குழிக்குள் முரல் மீனின் சொண்டு முறிந்து கிடந்த ஒரு கடற்றொழிலாளியை எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், வெளியில் யாரோ கவனிக்காமல் தைத்து அனுப்பிய காயத்தை அம்மா தொட்டுப் பார்த்தே பிடித்தார், இழுத்து எடுக்காமல் மூடிக்கட்டி அம்புலன்ஸில் தானும் ஏறிப் போய் அந்த மனிதரின் உயிரைக் காப்பாற்றினார். சனம் கைதட்டியது. ஃபாதர் எழுந்து நின்று தட்டினார். என்னையும் எழும்பச் சொன்னாய். எழும்பி, எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்தக் கும்பிட்ட கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீ வெள்ளிக்கிழமை புறப்படுகிறாய். இதை எழுதி உன் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவில் வைத்துவிடத்தான் முதலில் நினைத்தேன். நீ போய் இறங்கி, திறந்து, வாசித்து, கோபப்பட்டு முடிக்கும்போது எனக்கும் உனக்கும் இடையில் இரண்டு சமுத்திரம் கிடக்கும். அப்படி ஒளித்து வைப்பது எனக்குப் பழகிப்போன வேலை என்பதால்தான் அந்த யோசனை அவ்வளவு சுலபமாக வந்தது. ஆகவே நாளை காலையில் உன் கையிலேயே தருகிறேன். தந்துவிட்டுக் குசினிக்குள், அடுப்படியில் இருப்பேன். வாசித்து முடித்து நீ வராவிட்டாலும் குறை நினைக்கமாட்டேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்த வருடம் அது. சண்டை முடிந்து, கடலுக்குப் போவதற்கு இருந்த தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்தன. குடாவுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு டொக்டர்மார். மற்றவர் அன்று லீவு. எங்களிடம் எக்ஸ்ரே இல்லை. கண்ணைப் பார்க்க ஒரு டோர்ச் லைட்டும் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையும் மட்டும்தான். காலை பத்து மணிபோல இரண்டு பேர் வரிசையை விலக்கிக்கொண்டு ஒருவரைக் கைப்பிடியாகக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். சாரன் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஒரு துணியை மடித்து இடது கண்ணில் பொத்தியிருந்தார். அவர்தான் அன்சார். குறிஞ்சாக்கேணிக்காரர். கடலுக்கும் போவார், கரையில் மீன் ஏலம் கூறுவதும் அவர்தான். அந்தக் கரையில் அவருடைய குரல் தெரியாத ஆள் இல்லை என்று கூட வந்தவர் சொன்னார்.

"முரல் பாஞ்சிட்டு டொக்டர்," என்றார் அன்சார், ஏதோ பகிடி நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டு. "விடிய வலை இழுக்கக்குள்ள. நானே புடுங்கிக் கடல்ல எறிஞ்சிட்டன்."

முரலை நீ சந்தையில் பார்த்திருக்கிறாய். பறவையின் அலகு மாதிரி, ஊசிபோல நீண்ட சொண்டு, அவித்தால் பச்சையாகத் தெரியும் முள்ளு. வெருண்டால் தண்ணீருக்கு மேலே எழும்பி எறிந்த ஈட்டிபோல வரும். துணியை எடுத்துப் பார்த்தேன். மேல் இமையில், மூக்கை ஒட்டிய மூலையில், ஒரு சின்னக் கீறல். என் சுண்டுவிரல் நகத்தின் பாதிகூட இல்லை. இரத்தம் நின்றிருந்தது. இமை வீங்கியிருந்ததால் இரண்டு விரலால் விலக்கித்தான் கண்முழியைப் பார்க்க முடிந்தது. அதில் கீறல் இல்லை. விரல்களைக் காட்டினேன், சரியாக எண்ணினார். எனக்கு ஆறுதலாகிவிட்டது. இமையில் காயம், கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று நினைத்தேன். நீ இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதித் தேறியவள்; கண்முழி தப்பியதென்றால் கண்குழியும் தப்பியது என்று அர்த்தமில்லை என்பது உனக்குத் தெரியும். முழிக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு மெல்லிய பொருள் நழுவிப் போக இடம் உண்டு. அந்தக் குழியின் கூரை பப்படம்போல மெல்லிய எலும்பு. அதற்கு மேலே மூளை. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

மேலே, கீழே, பக்கவாட்டில் என் விரலைப் பார்க்கச் சொன்னேன். மேலே போகும்போது, "ரெண்டாத் தெரியிது டொக்டர்," என்றார். வீக்கத்தால் அப்படி இருக்கும், வீக்கம் வற்றினால் சரியாகிவிடும் என்றேன். தையலுக்கு நூல் எடுத்துக்கொண்டிருந்த றெஜினா மிஸ்ஸி, உனக்கு ஞாபகம் இருக்கும், உயரமாக, அதிகம் கதைக்காத தாதி, அவ என் பக்கம் திரும்பினா.

"டொக்டர், மீன்ர சொண்டு முழுசா வந்ததா எண்டு கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம், அன்சார் என் முன்னால்தான் இருந்தார், மீனைப் பிடுங்கும்போது பார்த்த ஆளும் வாசலில்தான் நின்றார். ஆனால் சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. வெளியில் இன்னும் நாற்பது பேர்வரை இருந்தார்கள். அம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொண்டு ரவுணுக்கு, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது, திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அன்சாரை அனுப்புவதென்றால் கடிதம் எழுதி, அந்த ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, அம்புலன்ஸ் வரும்வரை நான் இருக்கவேண்டும். எனக்குப் பன்னிரண்டுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அன்று உன் பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி.

இந்த வரியை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன் மகள். உன் தலையில் எதையும் வைப்பதற்காக எழுதவில்லை. உனக்குப் பதினான்கு வயது, நீ கேட்டது ஒரு அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் கேட்பதுதான். ஆனால் இதை விட்டுவிட்டால் நான் சொல்வது மறுபடியும் பாதிக் கதையாகிவிடும். முந்தின மூன்று வருடமும் வருகிறேன் என்று சொல்லி வராமல் விட்டவள் நான். அந்த வருடம் வருவேன் என்று அப்பாவின் முன்னால் சத்தியம் பண்ணியிருந்தேன். "சின்னக் காயம், றெஜினா," என்று சொல்லி மூன்று தையல் போட்டேன். ஏற்புவலி வராமலிருக்க ஓர் ஊசி, அன்ரிபயற்றிக், பத்து நாளில் தையல் வெட்ட வரச்சொல்லி ஒரு துண்டு. அன்சார் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் வந்து சேர்ந்தபோது நீ இருநூறு மீற்றருக்கு வரிசையில் நின்றாய். மூன்றாவதாக வந்தாய். அப்பா எடுத்த படத்தில் என் தோளில் சாய்ந்து நிற்கிறாய். என் வாழ்க்கையில் நல்ல நாள்களை எண்ணச் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

பத்து நாளில் தையல் வெட்ட வந்தார். காயம் நன்றாக ஆறியிருந்தது. தலையிடிக்கிறது என்றார். வெயிலில் நிற்கவேண்டாம், பனடோல் போடுங்கோ என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, காலையில், ஓட்டோ ஒன்று நேரே ஆஸ்பத்திரிப் படிக்கட்டோடு வந்து நின்றது. அவருடைய மனைவி பரீதா இடுப்பில் கைக்குழந்தையோடு இறங்கினார். அன்சாரை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. இடது கண் குழியை விட்டு முன்னுக்குத் தள்ளி நின்றது. நான் இமையை விலக்கியபோது முழி எந்தப் பக்கமும் அசையவில்லை. ஆறிய தழும்பின் ஓரத்தில் சீழ் கசிந்தது. துடைக்கும்போது விரலுக்கு அடியில் கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. அந்தக் கணம் எல்லாம் விளங்கிவிட்டது. நீ மேடையில் சொன்னவற்றில் இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உண்மைதான். குறடு எடுத்து வந்த தாதியைத் தடுத்தேன். அதன் மறுநுனி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இழுக்கக்கூடாது. எதைக் குத்தி நிற்கிறதோ அதையே அடைத்துக்கொண்டும் இருக்கலாம். கண்ணில் அழுத்தம் படாமல் ஒரு கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டினேன். இரத்த நாளத்தில் மருந்து ஏற்றினேன். அம்புலன்ஸ் நின்றது. ஏறுவதற்கு முன் அனுப்பும் கடிதத்தை எழுத மேசையில் குனிந்தேன்.

எழுதியது இதுதான்: மூன்று வாரத்துக்கு முன் மீன் குத்திய காயம், வெளியிடத்தில் தைக்கப்பட்டது, இன்று முதல் தடவையாக இங்கு வந்தார்.

றெஜினா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தா. "டொக்டர், இங்கதானே தைச்சது," என்றா, மெதுவாக.

"மிஸ்ஸி, நீங்க ட்ரிப்பைப் பாருங்கோ."

அவ ட்ரிப்பைப் பார்க்கப் போனா. அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒன்றாக இருந்த இரண்டு வருடமும் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர வேறு ஒரு கதை என்னோடு கதைக்கவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. இடமாற்றம் கேட்டுப் போனா. பிறகு இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், செத்தவீட்டுக்கு நான் போகவில்லை.

ரவுணில் ஸ்கான் எடுத்ததும் தூரத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் நான் கூடவே போனேன். இதைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். எந்த டொக்டர் இப்படிக் கூடவே போவார் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏன் போனேன் என்று அப்பாவுக்கும் தெரியாது. நான் எழுதிய வரியை யாரும் அன்சாரிடமோ பரீதாவிடமோ கேட்டுச் சரிபார்க்காமல் பார்த்துக்கொள்ளப் போனேன். அங்கே சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களத்தில்தான் பேசினார். பரீதாவுக்குச் சிங்களம் வராது. நடுவில் நின்று மாற்றிச் சொன்னது நான்.

அவர் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு அங்குலச் சொண்டு கண்குழியின் கூரையை உடைத்துக்கொண்டு மூளையின் முன்பகுதிக்குள் போயிருந்தது. அதைச் சுற்றி ஒரு தோடம்பழம் அளவுக்குச் சீழ். இடது பக்கம், பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டி. பிறகு அவர் பரீதாவைப் பார்த்து, கண்ணுக்கு வீட்டில் ஏதாவது மருந்து விட்டார்களா என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். பரீதா வெட்கத்தோடு, தையல் வெட்டின பிறகும் கண் சிவந்து நொந்ததாகவும், தன்னுடைய தாய்ப்பாலை நாலைந்து நாள் விட்டதாகவும் சொன்னார். எங்கள் ஊர்களில் எல்லாச் சனமும் செய்வதுதான். நிபுணர் தலையை ஆட்டி, "அதால ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் தமிழில் சொன்னேன்: "பால் விட்டதாலதான் சீழ் பிடிச்சதாம்."

மகள், அந்தச் சொற்களை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தன. பயத்தில் இருக்கும் ஆளின் வாய் எவ்வளவு கெட்டித்தனமாக வேலை செய்யும் என்பதை அன்று அறிந்தேன். பரீதா தன் நெஞ்சில் சீலையை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டார். குழந்தை அழுதது. அவர் அதைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

சொண்டை எடுத்தார்கள். அன்சார் பிழைத்தார். இடது கண் பார்வை போய்விட்டது. வலது கை விளங்கவில்லை. பேச்சு போய்விட்டது. ஏலம் கூறிய அந்தக் குரலை நான் கரையில் ஒருநாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த நாலைந்து வசனம்தான் எனக்குத் தெரிந்த அவருடைய பேச்சு. அனுப்பிய டொக்டரின் நிதானத்தால்தான் நோயாளி பிழைத்தார் என்று நிபுணர் ஒரு கடிதம் எழுதினார். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த வருடம் மாவட்ட டொக்டர்மார் கூட்டத்தில் அந்தப் படங்களைத் திரையில் காட்டி, கண்குழிக் காயத்தை எப்படி இனங்காண்பது என்று இளம் டொக்டர்மாருக்கு வகுப்பு எடுத்தேன். இமையில் சின்னக் காயம், பார்வை சரி, ஆனால் ஒரு பக்கம் பார்க்கும்போது இரண்டாகத் தெரிகிறது என்றால் ஸ்கான் எடுக்காமல் விடாதீர்கள் என்றேன். குத்திய பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், நுனி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். எல்லாம் சரியான பாடம். எங்கிருந்து படித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்குப் பரீதா நண்டு அனுப்புவார். நாங்கள் எல்லோரும் இருந்து சாப்பிட்டோம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போனபோது நான் பஸ் ஏறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். பரீதா வாசலில் அன்சாரை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் வழித்து முடிந்திருந்தது, மற்றதில் சோப்பு நுரை. என்னைக் கண்டதும் சவரக்கத்தியைக் கையில் பிடித்தபடியே, "டொக்டரா! சொல்லி அனுப்பியிருந்தா ஆக்கி வெச்சிருப்பனே," என்றார். அவருடைய மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாளாம். எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. இருந்தால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் குடிப்பேன், குடித்தால் சொல்லமாட்டேன்.

"பரீதா, நீங்க அண்டைக்கு விட்ட பாலால ஒண்டும் நடக்கேல்ல," என்றேன். "சொண்டு முதல் நாளே உள்ளுக்கு இருந்தது. நான்தான் பாக்காமத் தைச்சனான். அந்தப் பெரிய டொக்டர் பாலால சீழ் பிடிச்சது எண்டு சொல்லவே இல்லை. அது நான் சொன்னது. என்ர பிழையை மறைக்கச் சொன்னது."

அவர் கத்தியைத் தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தொடங்கினார்.

"அண்டைக்கே புள்ளைக்குப் பால் குடுக்கிறத விட்டுட்டன் டொக்டர். நஞ்செண்டு நெனச்சு. மூணு மாசப் புள்ள. கத்துவா. எனக்கு நெஞ்சு ரெண்டும் கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரி வெறாந்தையில குந்தி இருந்து பிழிஞ்சு பிழிஞ்சு தண்ணிப் பீலிக்குள்ள ஊத்தினன். அதுக்குப் பிறகு இன்னொரு புள்ள வேணும் எண்டும் நான் நெனைக்கல்ல."

அன்சாருக்கு முன்னால் போய்க் குந்தினேன். ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதிக்கு நுரை. "அன்சார், நான் உங்களுக்குச் செய்ததை மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார், தெளிவாக.

மகள், நான் அழுதுவிட்டேன். அவருடைய காலைத் தொட்டேன். அப்போது பரீதா மேலே நின்றபடி சொன்னார்: "அவருக்கு அந்த ஒரு சொல்லுத்தான் டொக்டர் மிச்சம். பசிக்குதா எண்டாலும் ஓம். பசிக்கல்லயா எண்டாலும் ஓம்." அது எனக்குத் தெரியாததா? அவருடைய கிளினிக் கொப்பியில் அதை எழுதியதே நான்தான். இருந்தும் ஒரு கணம் நம்பினேன்.

"இத இப்ப ஏன் சொல்ல வந்தீங்க?" என்று பரீதா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"என்ர மகள் வெளிநாடு போறா. கண் டொக்டருக்குப் படிக்க. என்னைப் பெரிய ஆளா நினைச்சுக்கொண்டு போறா."

"உங்கட மனசு ஆறட்டும் எண்டு வந்தீங்க."

நான் இல்லை என்று சொல்லவில்லை.

"பதினாறு வருஷம்," என்றார். "இவரக் குளிப்பாட்டக்குள்ள, வலிப்பு வந்து விழக்குள்ள, எனக்குச் சலிச்சுப் போற நேரமெல்லாம், நீதானேடி செஞ்ச, நீதானே பாக்கணும் எண்டு எனக்கு நானே சொல்லிக்குவன். அதுதான் என்ன எழுப்பி விட்டிச்சி. இனி நான் என்னத்தச் சொல்லி எழும்புற?"

அவரைப் பாரத்திலிருந்து விடுவிக்கப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கம்பையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். அன்சாரின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது. பரீதா விரலைத் தண்ணீரில் தொட்டு அதைத் திரும்ப நனைத்து, மற்றக் கன்னத்தை வழிக்கத் தொடங்கினார். நான் எழுந்து வாசல் படலைவரை வந்துவிட்டேன்.

"டொக்டர்," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் திரும்பினேன். "வலிப்புக் குளுசை இந்த மாசம் கிளினிக்கில இல்லையாம். வெளியில வாங்கச் சொல்றாங்க. எங்கயும் இல்ல. உங்களால எடுத்துத் தர ஏலுமா?"

உனக்கு என்ன புத்தி சொல்ல மகள். நீ என்னைவிட நன்றாகப் படித்தவள், நீ போகிற இடத்தில் ஸ்கான் பக்கத்து அறையிலேயே இருக்கும். ஆனால் ஒருநாள் உனக்கும் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கும், முன்னால் சிரித்துக்கொண்டு ஒருவர் சின்னக் காயத்தோடு இருப்பார், பக்கத்தில் நிற்கும் தாதி ஒரு கேள்வி கேட்பார். நீ பிழையே விடாதே என்று வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. விடுவாய், எல்லோரும் விடுகிறோம். விட்டால் அன்றைக்கே, அந்த மனிதருக்கு விளங்கும் பாஷையில், அவருக்குக் கேட்கும் காது இருக்கும்போதே சொல்லிவிடு. அந்தத் தையலுக்காக என்னை நானே மன்னிக்கப் பார்த்திருக்கிறேன். சில நாள்களில் அது முடிந்தும் இருக்கிறது. பரீதாவிடம் மாற்றிச் சொன்ன அந்த ஒரு வசனத்தை மன்னிக்க ஒருநாளும் முடியவில்லை. மாதாவின் முன்னால் முழங்காலில் நின்றும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்று காலை ரவுணில் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் என்னோடு முன்னர் வேலை செய்த ஒருவர், தன் தாய்க்கு என்று வைத்திருந்ததில் பத்து நாளைக்குப் பிரித்துத் தந்தார். இனி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீதா கதவைப் பாதி திறந்து பொதியை வாங்கினார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பொதியைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சா?" என்று கேட்டார்.

எப்படியும் எடுத்துத் தருவேன், பயப்படாதீங்க என்று சொல்லத்தான் வாய் எழுந்தது. அப்படிச் சொல்லிப் பழகிய வாய். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது, பரீதா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கதவைச் சாத்தினார்.

உன்
அம்மா